அதே கால், அதே மலை, கருகிய புது கிளட்ச்

கேள்வி: கோத்தகிரி பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஆறு வருடப் பெட்ரோல் கார், நான் ஒருத்திதான் ஓட்டுகிறேன். பள்ளிக்குப் போய்வர தினமும் 28 கிலோமீட்டர். வார இறுதியில் மேட்டுப்பாளையத்தில் அம்மா வீடு. 58,000 கிலோமீட்டரில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. கார் வாங்கிய கோவை டீலரிடமே விட்டு 16,800 ரூபாய்க்கு கிளட்ச் செட் மாற்றினேன். இரண்டாவது வாரமே குஞ்சப்பனை ஏற்றத்தில் கருகின வாசனை வந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு, "ஒண்ணுமில்லைங்க மேடம், புது கிளட்ச் கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் வாசம் வரும்" என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு ஜாப் கார்டு, அதாவது வண்டியின் குறையை எழுதிப் பதியும் வேலைச் சீட்டு, எதுவும் போடவில்லை. இருபத்துநாலாவது நாள், 800 கிலோமீட்டர்கூட ஓடாத நிலையில், அரவேணுவுக்குக் கீழே வண்டி ஏற மறுத்து நின்றுவிட்டது. லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். இப்போது கழற்றிப் பார்த்துவிட்டு, "பிளேட் கருகிப்போச்சு. நீங்க கிளட்ச் மேலேயே கால் வச்சு ஓட்டறீங்க, வாரண்டி வராது" என்கிறார்கள். இன்னொரு 14,200 ரூபாய்க்கு எஸ்டிமேட் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. சம்மதம் சொல்லாவிட்டால் நாளுக்கு 200 ரூபாய் பார்க்கிங் கட்டணமாம். பெட்ரோலும் இரண்டு கோடு குறைந்திருக்கிறது. தப்பு என்னுடையதுதானா? யாரிடம் போவது? இனி அங்கேயே விடலாமா, உள்ளூர் மெக்கானிக்கிடம் போகலாமா?

பதில்:

டீச்சர், முதலில் அந்த வாட்ஸ்அப்புக்கு 'ஓகே' என்று அனுப்பிவிடாதீர்கள். கட்டைவிரல் படம்கூட வேண்டாம். அதை உங்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டு மறுநாளே புது பிளேட்டை மாட்டிவிடுவார்கள், பழையது கழிவு இரும்போடு போய்விடும். உங்கள் வழக்கில் இருக்கும் ஒரே சாட்சி அந்தக் கருகிய பிளேட்தான். "எஸ்டிமேட் கிடைத்தது. நான் சம்மதிக்கவில்லை. கழற்றிய எந்தப் பாகத்தையும் அப்புறப்படுத்த வேண்டாம், நேரில் வந்து பார்க்கிறேன்" என்று மட்டும் இன்றைக்கே எழுதிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் பத்தொன்பது வருடம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். சர்வீஸ் அட்வைசராகச் சேர்ந்து மேலாளராக வெளியே வந்தேன். "கால் பழக்கம்" என்ற வார்த்தையை நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பெண்கள் வந்தால் அது இன்னும் சீக்கிரமாக வாயில் வரும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சில நேரம் அது உண்மை. பல நேரம், யோசிக்காமல் சொல்லிவிடக்கூடிய பதில்.

உண்மையாக இருக்க வாய்ப்பு உண்டா? உண்டு. சீசன் நெரிசலில் கொண்டை ஊசி வளைவில் கை பிரேக் போடாமல், கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தால், புது பிளேட்டை ஒரே மத்தியானத்தில் கருக்கிவிடலாம். மலையில் இந்தத் தவறு எளிதாக வரும். டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் கோத்தகிரி உயரத்தில் சுமார் ஆறில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடுகிறது. அதனால் வண்டியைக் கிளப்பும்போது ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக மிதித்து கிளட்ச்சை மெதுவாக விடுவது இங்கே எல்லாருக்கும் வந்துவிடும் பழக்கம்.

ஆனால் உங்கள் கடிதத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. பழைய கிளட்ச் 58,000 கிலோமீட்டர் ஓடியது. ஓட்டியது நீங்கள். ஏறி இறங்கியது இதே மலை. புதியது 800-ஐத் தாண்டவில்லை. அதே கால், அதே மலை. நடுவில் மாறியது ஒர்க்ஷாப் மாட்டிய பாகமும் அதன் கைவேலையும்தான். டீலரிடமோ நுகர்வோர் ஆணையத்திடமோ இதைத்தான் முதலில் வையுங்கள். "நான் நன்றாகத்தான் ஓட்டுவேன்" என்று வாதாடப் போனால் அவர்கள் ஆடுகளத்தில் ஆட வேண்டியிருக்கும்.

சரி, என்ன நடந்திருக்கும்? நீங்கள் அனுப்பிய பில்லின் நகலைப் பார்த்தேன். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், லேபர். நான்கே வரிகள். கிளட்ச் பிளேட் ஒட்டிப் பிடிக்கும் என்ஜின் சக்கரமான ஃப்ளைவீலைப் பற்றி ஒரு சொல் இல்லை, எண்ணெய் கசியாமல் அடைக்கும் ஆயில் சீலைப் பற்றியும் இல்லை. கிளட்ச் வழுக்க வழுக்க ஓடிய வண்டியில் ஃப்ளைவீலின் முகம் சூடேறி நீலம் பாய்ந்திருக்கும், கண்ணாடி மாதிரி பளபளத்திருக்கும். அதை லேத்தில் கொடுத்து முகத்தைச் சீவிச் சமப்படுத்தாமல், அல்லது மாற்றாமல், அதன்மேல் புது பிளேட்டை உட்காரவைத்தால் பிடிமானம் குறையும், வழுக்கும், கருகும். இது ஒரு சாத்தியம். என்ஜினின் பின்பக்க ஆயில் சீலோ கியர்பாக்ஸ் சீலோ கசிந்து எண்ணெய் பிளேட்டில் பட்டிருக்கலாம் என்பது இன்னொன்று. மூன்றாவது அட்ஜஸ்ட்மென்ட். பெடலில் கொஞ்சம்கூட இடைவெளி இல்லாமல் கேபிளை இழுத்துக் கட்டியிருந்தால், நீங்கள் காலை எடுத்த பிறகும் கிளட்ச் பாதி மிதிபட்டபடியேதான் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், அப்போது கருகும் பிளேட், கிளட்ச்மேல் கால்வைத்து ஓட்டுகிறவரின் பிளேட் மாதிரியே இருக்கும். கழற்றியதை மட்டும் பார்த்துவிட்டு "உங்கள் கால்தான்" என்று அடித்துச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

அதனால் நேரில் போங்கள். விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கோத்தகிரியில் உங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் போதும், ஒரு நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் பிளேட்டின் இரண்டு முகங்களையும் படம் எடுங்கள். ஒரு முகம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருக்கிறதா, இரண்டுமா? ஃப்ளைவீலைத் தனியாக எடுங்கள். அதில் நீலத் திட்டுகளோ முடிபோன்ற வெடிப்புகளோ இருந்தால் கிட்டத்தில் இன்னொரு படம். பிளேட் உட்காரும் அந்தக் கூண்டுக்குள், பெல் ஹவுசிங் என்பார்கள், விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். கறுப்பு மாவு மட்டும் ஒட்டினால் அது பிளேட்டின் தூள். பிசுபிசுத்தால் எண்ணெய். உங்கள் கார் கேபிள் கிளட்ச்சா, ஹைட்ராலிக்கா, பெடல் இடைவெளியை அளந்தார்களா என்றும் கேளுங்கள். அளவு எழுதிவைக்கவில்லை என்றால், அந்தப் பதிலையே குறித்துக்கொள்ளுங்கள்.

மேலாளர் முறைப்பார். "பார்ட்ஸ் ஏரியாவுக்குள்ள கஸ்டமர் வரக்கூடாதுங்க" என்பார். வண்டி உங்களுடையது, கழற்றிய பிளேட்டுக்குக் காசு கொடுத்தவரும் நீங்கள்தான். உள்ளே விட முடியாதென்றால் பாகங்களை வெளியே கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். குரலை உயர்த்தவே வேண்டாம். சத்தம் போடுகிற வாடிக்கையாளர் வந்தால் ஒர்க்ஷாப்பில் எங்களுக்கு நிம்மதி. அவர் சத்தத்தோடு போய்விடுவார். குறிப்பேடும் கையுமாக நிற்பவர் வந்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

உங்கள் பக்கமும் ஒரு ஓட்டை இருக்கிறது. இரண்டாவது வாரம் வாசனை வருகிறதென்று போனபோது ஜாப் கார்டு போடச் சொல்லவில்லை. போட்டிருந்தால் இந்தப் பிரச்சினை அன்றைக்கே பாதி முடிந்திருக்கும். இப்போது, "மேடம் நடுவுல வரவே இல்லையே" என்பார்கள். ஆனால் வாசலில் செக்யூரிட்டி வைத்திருக்கும் பதிவேட்டில் உள்ளே வந்த வண்டியின் எண்ணும் நேரமும் இருக்கும். நீங்கள் அட்வைசருக்குப் பேசிய அழைப்பு உங்கள் போனில் இருக்கும். தேதியைக் கண்டுபிடித்து, அந்த நாளின் பதிவைக் காட்டும்படி எழுத்தில் கேளுங்கள்.

இனி எப்போது போனாலும் ஜாப் கார்டு இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். அதில் நோயின் பெயரை எழுதவிடாதீர்கள், அறிகுறியை எழுதவையுங்கள். 'கிளட்ச் செக்' என்று எழுதினால் செக் செய்தோம், சரியாக இருக்கிறது என்று முடித்துவிடுவார்கள். 'குஞ்சப்பனைக்கு மேல் ஏற்றத்தில், மூன்றாவது கியரில், ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை, கருகல் வாசம் வருகிறது' என்று எழுதினால் அதைப் பார்க்காமல் மூடமுடியாது.

இந்த இடத்தில் என் பழைய பாவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் சமவெளி ஒர்க்ஷாப் ஒன்றில் இருந்தபோது கூடலூர்க்காரர் ஒருவர் வந்தார். ஊட்டி ஏறும்போது வண்டி சூடாகிக் கொதிக்கிறது என்றார். நாங்கள் பிரதான சாலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டினோம், வெப்பம் காட்டும் முள் நடுவிலேயே நின்றது. ஒன்றுமில்லை என்று அனுப்பினோம். மறுபடி வந்தார், மறுபடி அனுப்பினோம். மூன்றாவது தடவை அவர் கோபப்படவில்லை. "ஒரு பையனை என்கூட அனுப்புங்க, சாயங்காலம் பஸ் ஏத்தி விட்டுடறேன்" என்றார். அனுப்பினேன். வளைவுகளைத் தாண்டி மேலே போனதும் கொதித்தது. ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடிக்கவில்லை, கூலன்ட்டுக்குப் பதில் யாரோ வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். கடல்மட்டத்தில் நூறு டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 2,240 மீட்டர் உயர ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் அந்த மூடியின் குறை தெரியவே தெரியாது. சில நூறு ரூபாய் மூடிக்காக மூன்று முறை அந்த மனிதரை மலை இறக்கினேன்.

கிளட்ச்சும் அப்படித்தான். சமதரையில் காருக்குப் பெரிய இழுவை தேவையில்லை, பாதி பிடிக்கிற கிளட்ச்கூட ஒழுங்காக ஓடும். கோவையில் அவர்கள் ஓட்டிய அந்த ஒரு ரவுண்டில் எதுவும் தெரிந்திருக்காது. பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை, பார்க்கவேண்டிய இடத்தில் பார்க்கவில்லை. ஆகவே வேலை முடிந்ததும் வண்டியை ஒர்க்ஷாப் வாசலில் வைத்து ஏற்றுக்கொள்ளாதீர்கள். அவர்கள் டெக்னீஷியன் ஒருவர் உங்களோடு மேட்டுப்பாளையம் தாண்டி குஞ்சப்பனை வரை வரட்டும். தூரம் என்பார்கள். மலைக்காரர்களுக்கு வண்டி விற்கும்போது அந்தத் தூரம் தெரியவில்லையா என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

இப்போது கடிதம். மின்னஞ்சலாகவே அனுப்புங்கள். சர்வீஸ் மேலாளருக்கு எழுதி, டீலர் முதலாளிக்கும் கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் நகல் போடுங்கள். நீளம் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"இந்தத் தேதியில் இந்த ஜாப் கார்டில் 16,800 ரூபாய் செலுத்தி கிளட்ச் செட் மாற்றினேன். இந்தத் தேதியில் கருகல் வாசனை என்று வண்டியைக் கொண்டுவந்து காட்டினேன், ஜாப் கார்டு போடப்படவில்லை. 24-ஆம் நாள், 800 கிலோமீட்டருக்குள் கிளட்ச் முழுவதும் செயலிழந்தது. முந்தைய கிளட்ச் இதே ஓட்டுநரிடம், இதே வழியில் 58,000 கிலோமீட்டர் ஓடியது. முதல் வேலையின்போது ஃப்ளைவீல் முகம் பார்க்கப்பட்டதா, ஆயில் சீல் சோதிக்கப்பட்டதா, பெடல் இடைவெளி எவ்வளவு வைக்கப்பட்டது என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். கட்டணமின்றி மீண்டும் சரிசெய்து, மலைப்பாதையில் ஓட்டிக்காட்டி ஒப்படைக்கவும். கோளாறு குறித்த கருத்து வேறுபாடு தீராத நாட்களுக்குப் பார்க்கிங் கட்டணத்தை நான் ஏற்கவில்லை. 15 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்."

பெட்ரோலை இதில் சேர்க்காதீர்கள். இரண்டு கோடு பெட்ரோலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு 500 ரூபாய் கூப்பன் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். மனவேதனைக்கு லட்சம் வேண்டும் என்றும் எழுதாதீர்கள். வண்டி சரியாக வேண்டும், அதற்கு எழுத்தில் வாரண்டி வேண்டும், இந்த நாட்களில் பள்ளிக்குப் போன வாடகை வண்டிக்குப் பில் இருந்தால் அந்தத் தொகை வேண்டும். இந்த மூன்றும் கிடைத்தால் முடித்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

உங்கள் கையில் ஒரு துருப்பு உண்டு. சர்வீஸ் முடிந்த சில நாளில் கம்பெனியிலிருந்து போன் வரும், பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று. "மேடம், பத்து குடுத்துடுங்க, இல்லீன்னா எனக்கு இன்சென்டிவ் போயிருமுங்க" என்று அட்வைசர் முன்கூட்டியே கெஞ்சுவார். பாவம்தான். ஆனால் வண்டி சரியாவதற்கு முன்னால் அந்தப் பத்தைக் கொடுத்தால், வாடிக்கையாளர் திருப்தி என்று பதிவாகிவிடும். பின்னால் அதையே எடுத்து நீட்டுவார்கள்.

பணம் கட்டாமல் வண்டியை எடுத்துவர முடியுமா என்றால், கேட்டில் நின்று சண்டை போடாதீர்கள். உழைப்பும் திறமையும் போட்டு வேலை செய்தவர், அதற்கான கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைத்துக்கொள்ள 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் நீங்கள் சம்மதிக்காத வேலைக்கு அது செல்லாது. கழற்றிப் பார்த்த லேபரை மட்டும் கேட்டால், வேறு வழியில்லாதபோது கட்டிவிட்டு, பில்லின் இரண்டு பிரதியிலும் 'ஆட்சேபத்துடன் செலுத்தப்படுகிறது' என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பார்க்கிங் கட்டணம் ஜாப் கார்டின் பின்பக்கப் பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் கையெழுத்திட்ட தாளில் இல்லாவிட்டால் அது வெறும் மிரட்டல்.

15 நாளில் பதில் இல்லையென்றால் 1915-க்குப் பேசுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்பு சொல்வதில்லை, புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். அந்த ஒரு அஞ்சலிலேயே இறங்கிவந்த டீலர்கள் உண்டு.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கோவைக்கு அலையவேண்டுமோ என்று பயப்படாதீர்கள். பழைய 1986 சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ பிரச்சினை உண்டான இடத்திலோதான் வழக்குப் போடமுடியும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின் புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். உங்களுக்கு ஊட்டியில் இருக்கும் நீலகிரி ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை உண்டான நாளிலிருந்து இரண்டு வருடம் கெடு, அவ்வளவு காலம் எடுக்காதீர்கள். மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயலவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்குமேல் இழுக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சமரசத்துக்கு அனுப்பினால் தட்டாமல் போங்கள்.

இதைப் படிக்கும் டாக்ஸி ஓட்டுநர்களுக்கு ஒரு வரி: வாடகை வண்டி என்றால் நுகர்வோர் இல்லை என்று டீலர் சொன்னால் நம்பிவிடவேண்டாம். பிழைப்புக்காக ஒரு வண்டி வைத்துத் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான் என்று சட்டத்தின் விளக்கத்திலேயே இடம் இருக்கிறது.

டீச்சர், ஆணையத்துக்குப் போவதானால் உங்கள் சொல்லும் என் கட்டுரையும் போதாது. கருகியதற்குக் காரணம் ஃப்ளைவீலா, எண்ணெயா, காலா என்று படித்தவர் ஒருவர் எழுதித் தரவேண்டும். வாகனச் சேதத்தை மதிப்பிட உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயரையோ, பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் துறை ஆசிரியரையோ அணுகலாம். அவர் பார்க்கும்வரை எதையும் துடைக்கவோ கழுவவோ விடாதீர்கள். கார் கம்பெனியையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாமா என்று யாராவது கேட்டால், சேர்க்கலாம், ஆனால் கைவேலைக் குறைக்குப் பொறுப்பு டீலர்தான். டீலரின் செயலுக்குத் தயாரிப்பாளர் தானாகவே பொறுப்பாகிவிட மாட்டார் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில் சொல்லியிருக்கிறது. பிளேட்டே மட்டமான சரக்கு என்று நிபுணர் எழுதினால் அப்போது கம்பெனியை இழுங்கள்.

கடைசியாக, உள்ளூர் மெக்கானிக். உங்கள் வண்டிக்கு ஆறு வருடம் ஆகிவிட்டது, கம்பெனி வாரண்டி தீர்ந்திருக்கும், எங்கே விட்டாலும் நஷ்டமில்லை. தினமும் இந்த ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கிற கோத்தகிரிக்காரர் கைக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். ஆனால் இந்தத் தகராறு எழுத்தில் முடியும்வரை வேறு கை அந்தக் கிளட்ச்சைத் தொடவேண்டாம். தொட்டால், "வெளிய பிரிச்சுட்டாங்க, இனி எங்க பொறுப்பில்லை" என்று டீலர் கழன்றுகொள்வார். கோவைக்குப் போகும்போது ஒரு பழைய சாக்கு எடுத்துப்போங்கள். டீலர் மறுபடி இலவசமாக மாட்டினாலும் மாட்டாவிட்டாலும், கருகிய பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் எழுதி வாங்கிக்கொண்டு அதில் சுற்றி டிக்கியில் போட்டு வந்துவிடுங்கள்.

அந்தக் கால் விஷயமும் மீதி இருக்கிறது. வண்டி வந்தபிறகு ஒரு வாரம், வளைவில் நிற்கும்போதெல்லாம் கை பிரேக்கைப் போட்டு இடது காலைப் பெடலிலிருந்து தரைக்கு இறக்குகிறீர்களா என்று நீங்களே கவனித்துப் பாருங்கள். இறக்கவில்லை என்று தெரிந்தால் அதை டீலரிடம் சொல்லவேண்டியதில்லை, எனக்கு எழுதுங்கள்.